குழந்தையிடம் படித்த ஆசிரியை – தாராபாய் மோடக்

போன விஜயதசமியன்று செம்பூரில் உறவினர் அகத்தில் அக்ஷராப்யாசம். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் மூன்று வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். குழந்தை இரண்டு எழுத்து எழுதிற்று. பிறகு அரிசியை இரு கையாலும் வாரி எல்லோர் மேலும் இறைத்தது. அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டது என்று சிரித்தோம்.

சாப்பாடு ஆன பிறகு அந்த அகத்துப் பெரிய பெண் என்னைத் தனியே பால்கனிக்கு அழைத்துப் போனாள். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து நான்கு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். சம்பளம் போதவில்லை என்பது ஒரு காரணம்தான். வகுப்புக்குள் நுழையும்போதே மனசு ஓய்ந்துவிடுகிறது, சொல்லிக் கொடுப்பது யாருக்கும் ஏறவில்லை, ஏறுகிறதா என்று பார்க்கவும் இப்போதெல்லாம் தோன்றுவதில்லை என்றாள். அகத்தில் மற்றவர்களுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்துவிட்டால் ஜாதகம் எடுப்பதும் சுலபம் என்று அவள் தாயார் சமையலறையில் என்னிடமே சொன்னார்.

முப்பத்து மூன்று வருஷம் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான். ஆகவே நான் ஏதோ நல்ல பதில் சொல்வேன் என்று அந்தப் பெண் எதிர்பார்த்தாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்ன அதே ஓய்ச்சல் எனக்கும் வந்திருக்கிறது. அதிலிருந்து என்னை மீட்டவர் நான் நேரில் பார்த்தேயிராத ஒரு அம்மையார். அவர் பெயர் தாராபாய் மோடக். அன்று பால்கனியில் அவர் கதையை அரைகுறையாகச் சொன்னேன். அதையே கொஞ்சம் ஒழுங்காக, பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தாதரில் என் ஏழாவது வருஷம்

கும்பகோணத்திலிருந்து 1974-ல் கல்யாணமாகி தாதருக்கு வந்தேன். 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்று திட்டமிட்டு அமைத்த பகுதி தாதர்–மாதுங்கா. தெரு முழுக்க மரங்கள், நடக்கிற தூரத்தில் பள்ளிகள், கல்லூரிகள். மாதுங்கா பக்கம் போனால் நம்மவர்கள், தாதர் பக்கம் திரும்பினால் மராட்டியர்கள். மறு வருஷமே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

முதல் மூன்று வருஷம் ராத்திரி பத்து மணி வரை நோட்ஸ் எழுதினேன். நாலாவது வருஷத்திலிருந்து அதே நோட்ஸைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஏழாவது வருஷம், அதாவது 1982-ல், ஐந்தாம் வகுப்பில் 58 குழந்தைகள். பின்னக் கணக்கில் பாதிப் பேர் ஃபெயில். குழந்தைகளுக்கு அக்கறை இல்லை, பெற்றோர்கள் கவனிப்பதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன். இரண்டு மாதமாக வராத ஒரு பெண் குழந்தையின் பெயரை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் சிவப்பு மசியால் அடித்தேன். அவள் ஏன் வரவில்லை என்று யாரையும் நான் கேட்கவில்லை.

எங்கள் எதிர் ப்ளாக்கில் ஒரு வயதான மராட்டிய அம்மாள் இருந்தார். நாங்கள் ஆஜி என்று கூப்பிடுவோம். சிறு வயதில் தாதரிலேயே பாலர் பள்ளி ஆசிரியைப் பயிற்சி பெற்றவர். ஒரு நாள் அவரிடம் என் வகுப்பைப் பற்றிப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்றைக்கு எந்தக் குழந்தையைப் பார்த்தாய் என்று கேட்டார். ஐம்பத்தெட்டு பேரையும் பார்த்தேன் என்றேன். அப்படியானால் ஒருவரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மெல்லிய மராட்டிப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார். தாராபாயின் வாழ்க்கை அது. சம்ஸ்கிருதம் படித்திருந்ததால் எழுத்துப் பிரச்சினை இல்லை. எழுத்துக் கூட்டி ஒரு மாதத்தில் படித்து முடித்தேன்.

பட்டதாரிப் பெண்

தாராபாய் 1892 ஏப்ரல் 19 அன்று பம்பாயில் பிறந்தார். குடும்பம் பிரார்த்தனா சமாஜத்தோடு தொடர்புள்ளது. பெண் படிப்பு, விதவா விவாகம் போன்ற சீர்திருத்தங்களை பம்பாய் மாகாணத்தில் முன்னே நின்று பேசிய சபை அது. அந்தச் சூழலில் வளர்ந்ததால் தாராபாய்க்குப் படிப்புத் தடைப்படவில்லை. 1914-ல் பம்பாய் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண் பி.ஏ. என்றால் எப்படிப்பட்ட விஷயம் என்பதை நம் பாட்டிமார்களை நினைத்துப் பார்த்தால் புரியும். சென்னை மாகாணத்தில் சகோதரி சுப்புலட்சுமி பட்டம் பெற்றது 1911-ல். ஏறக்குறைய அதே சமயம்.

அமராவதியைச் சேர்ந்த வக்கீல் மோடக் என்பவரைத் தாராபாய் மணந்தார். வாழ்க்கை சரிப்படவில்லை. 1921-ல் விவாகரத்து ஆயிற்று. இன்றுகூட நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்கிற வார்த்தை அது. நூறு வருஷத்துக்கு முன் அதைச் சுமந்துகொண்டு தனியாக நின்ற பெண்ணுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ராஜ்கோட்டுக்குப் போய், பார்ட்டன் பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பிரின்ஸிபால் பொறுப்பு ஏற்றார். கௌரவமான வேலை, தக்க சம்பளம். ஆயுசு முழுவதும் அங்கேயே இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. அருகிலிருந்த பாவ்நகரில் கீஜுபாய் பதேகா என்பவர் குழந்தைகளை வைத்து ஏதோ புதிதாகச் செய்கிறார் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தார். பிரின்ஸிபால் பதவியை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டார்.

மீசை வைத்த அம்மா

கீஜுபாயும் ஒரு வக்கீல்தான். 1885-ல் பிறந்தவர். கிழக்கு ஆப்பிரிக்கா போய்ச் சம்பாதித்துத் திரும்பி, இங்கே வக்கீலாக இருந்தார். தன் பிள்ளைக்கு எப்படிக் கல்வி தருவது என்று தேடப் போய், மரியா மாண்டிசோரி அம்மையாரின் எழுத்துக்கள் கையில் கிடைத்தன. வக்கீல் தொழில் அதோடு போயிற்று. 1916-ல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1920-ல் அங்கே பாலமந்திரைத் தொடங்கினார். குழந்தைகளோடு அவர் பழகிய விதத்தைப் பார்த்து ஜனங்கள் அவருக்கு மீசை வைத்த அம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. கீஜுபாயின் பாலமந்திரில் பிரம்பும் இல்லை, மனப்பாடமும் இல்லை, பரிசுப் போட்டியும் இல்லை. கதை, பாட்டு, நாடகம், தோட்டம் எல்லாம் உண்டு. அவருடைய திவாஸ்வப்னம் என்ற புத்தகத்தில் ஒரு கற்பனை ஆசிரியர் சர்க்கார் பள்ளியில் நாலாம் வகுப்பை ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த முறையைச் சோதித்துப் பார்க்கிறார். கூட இருக்கும் ஆசிரியர்கள் பரிகாசம் செய்வதும், அவர் விடாமல் தொடர்வதும்தான் கதை. ஸ்டாஃப் ரூமை அறிந்தவர்களுக்கு அதில் ஒவ்வொரு பக்கமும் தெரிந்த முகம்.

பாவ்நகரில் தாராபாய் கற்றது மாண்டிசோரி முறையின் அடிப்படை. அந்த முறையில் ஆசிரியரின் முதல் வேலை குழந்தையைக் கவனிப்பது. பேசுவது அதற்குப் பிறகுதான். குழந்தை எதில் கை வைக்கிறது, எவ்வளவு நேரம் அதில் ஆழ்கிறது, எங்கே சலித்துத் திரும்புகிறது என்பதைப் பார்த்துக் குறித்து, அதற்கேற்பத் தன் அடுத்த நாள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இது குழந்தைக்கு நன்மை என்பது எல்லோருக்கும் புரியும். ஆசிரியருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. ஒரே பாடத்தை இருபது வருஷம் சொல்பவருக்குச் சலிப்பு வரும். ஆனால் இருபது வருஷமும் புதுப் புதுக் குழந்தைகள். அவர்களைப் பார்க்கத் தெரிந்தவருக்குச் சலிப்பு அவ்வளவு சீக்கிரம் வராது.

1926-ல் கீஜுபாயும் தாராபாயும் சேர்ந்து நூதன் பால் சிக்ஷண் சங்கத்தை அமைத்தார்கள். சிக்ஷண் பத்ரிகா என்ற பத்திரிகை மூலம் இந்த எண்ணங்களைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கொண்டு போனார்கள். அதன் மராட்டிப் பதிப்பைத் தாராபாய் கவனித்துக்கொண்டார். 1939-ல் கீஜுபாய் காலமானார். அதே வருஷம்தான் மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் ஊரில் மாண்டிசோரி பள்ளிகள் பெருகியது அதற்குப் பிறகு. பாவ்நகரில் அவருடைய முறை அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே வேர் விட்டிருந்தது.

தாதர் சிசு விஹார்

1930களில் தாராபாய் பம்பாய் திரும்பி, 1936-ல் தாதரில் சிசு விஹாரைத் தொடங்கினார். பாலர் பள்ளியோடு ஆசிரியைகளுக்கு மராட்டியிலேயே பயிற்சியும் ஆரம்பமாயிற்று. மத்தியதர வர்க்கத்து வீடுகளில் அடுப்பங்கரையோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்றிருந்த பெண்கள் அங்கே படித்து வெளியே வந்தார்கள். எங்கள் ஆஜி அப்படி வந்தவர்களில் ஒருவர். நல்ல பள்ளி வேண்டுமானால் முதலில் நல்ல ஆசிரியை வேண்டும், அவளை உண்டாக்க வேண்டும் என்பதைத் தாராபாய் செயலில் காட்டினார். நம் சென்னையில் இதே எண்ணத்தோடுதான் 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் பிரின்ஸிபாலாக சகோதரி சுப்புலட்சுமி அமர்ந்தார் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

தாதரில் பெயர் வந்தது. வசதியான வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள். வழவழப்பான மரச் சாமான்கள், சின்ன நாற்காலிகள் எல்லாம் இருந்தன. தாராபாய் அதோடு நிற்கவில்லை. இத்தனையும் இல்லாத கிராமத்துக் குழந்தைக்கு என்ன வழி என்ற கேள்வி அவரைத் தாதரிலிருந்து கிளப்பிற்று. 1945-ல், 53-வது வயதில், பம்பாய்க்கு வடக்கே கடலோரமிருக்கும் போர்டி கிராமத்துக்குப் போய் கிராம பால் சிக்ஷா கேந்திரத்தை ஆரம்பித்தார். நாட்டின் முதல் பாலவாடி என்று சொல்லப்படுவது அதுதான்.

அங்கே மாண்டிசோரி சாமான்களை வாங்கப் பணமில்லை. கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, களிமண் எல்லாம் பாட சாமான்கள் ஆயின. எண்ணுவதற்குக் கிளிஞ்சல், அளவு பிரிப்பதற்குக் கல், நிறம் அறிய இலையும் பூவும். நம் அகத்துக் குழந்தைகள் பல்லாங்குழியில் சோழி வைத்து எண்ணக் கற்றதும் இதே வழிதானே!

அனுதாய் வந்த கதை

போர்டிக்குத் தாராபாயோடு வந்தவர் அனுதாய் வாக். 1910-ல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம், ஆறு மாதத்துக்குள் வைதவ்யம். அக்கால நம் வீடுகளின் துக்கம் அப்படியே அங்கும் இருந்திருக்கிறது. பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்து, நாசிக் பக்கம் சில வருஷமும், பிறகு புனேயில் பெயர் பெற்ற ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளியில் 1933 முதல் 1945 வரையும் வேலை பார்த்தார். நல்ல பள்ளி, நிலையான சம்பளம். போரிவலியில் நடந்த ஒரு முகாமில் தாராபாயைச் சந்தித்தார். புனே வேலையை விட்டுவிட்டு போர்டிக்கு வந்துவிட்டார்.

ராஜ்கோட் பதவியை விட்டுத் தாராபாய் கீஜுபாயிடம் போனது போலவே, புனே வேலையை விட்டு அனுதாய் தாராபாயிடம் வந்தார். இதை முதலில் படித்தபோது தியாகம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வேலையில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் பார்த்தால், நமக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. ஒரு ஆசிரியரின் ஊக்கம் இன்னொரு ஆசிரியரிடமிருந்து ஒட்டிக்கொள்வது. ஓய்ச்சலும் அதே மாதிரிதான் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதை நானே அனுபவித்தேன்.

பள்ளி குழந்தையிடம் போயிற்று

1957-ல் இருவரும் போர்டிக்கு அருகே கோஸ்பாட் குன்றுக்கு இடம் பெயர்ந்தார்கள். சுற்றிலும் வார்லி ஆதிவாசிகளின் குடியிருப்புகள். பாலவாடி திறந்தாயிற்று. குழந்தைகள் வரவில்லை. வருகிறவர்களும் நாலு நாளில் நின்றார்கள்.

என்னைப் போன்ற ஒரு டீச்சர் இந்த இடத்தில் சிவப்பு மசியை எடுத்திருப்பாள். தாராபாய் காரணத்தைத் தேடினார். தாய் தகப்பன் விடிந்தால் கூலிக்குப் போகிறவர்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை சீவி, தூரத்துப் பள்ளிக்கு அனுப்ப அவர்களுக்கு நேரம் ஏது? அப்படியானால் ஆசிரியை அவர்கள் வாசலுக்குப் போக வேண்டியதுதான். குடிசை முற்றத்திலேயே உட்கார்ந்து, குழந்தைகளைக் கூட்டி, முகம் கழுவி விட்டு, பாட்டும் கதையும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். முற்றத்துக்கு அவர்கள் பாஷையில் அங்கண். முற்றத்துப் பாலவாடி என்பதிலிருந்து வந்ததுதான் அங்கன்வாடி என்ற எண்ணம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். அவர்களுக்கு ஆசிரியர்களே மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். மாடு மேயும், பிள்ளைகள் மர நிழலில் படிப்பார்கள். இதற்குக் குரண் சாலை, அதாவது மேய்ச்சல்வெளிப் பள்ளி என்று பெயர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதால் வராத பெண் குழந்தைக்காக, குழந்தைக் காப்பகம், பாலவாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்கா பக்கத்து அறையில் படிப்பாள். விகாஸ்வாடி என்று அதற்குப் பெயர்.

குழந்தை வராதபோதெல்லாம் அவர்கள் பள்ளியை மாற்றினார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

தாராபாய்க்கு 1962-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1973 ஆகஸ்ட் 31 அன்று காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, மத்திய சர்க்கார் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்று பெயர். இன்று தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாட்டிகூட அங்கன்வாடி என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்குள் ஒரு வார்லிக் குடிசையின் முற்றம் இருப்பது பலருக்குத் தெரியாது. அனுதாய் 1985-ல் பத்மஸ்ரீ பெற்று, 1992-ல் மறையும் வரை கோஸ்பாட் வேலையைத் தொடர்ந்தார்.

இன்றைய ஆராய்ச்சி சொல்வது

இதெல்லாம் மகான்களுக்கு, நமக்கு ஒத்து வருமா என்று சிலர் கேட்பார்கள். ஆராய்ச்சிகளையும் பார்ப்போம். அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் இருவரும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. சில குழந்தைகள் இந்த வருஷம் நன்றாக மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. ஆனாலும் கீழ் வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களை விட முன்னேறினார்கள் என்று அறிவித்தார்கள். இதைப் பற்றிப் பிறகு பலத்த வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. விளைவு முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதல்ல என்று பலர் காட்டினார்கள்.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2003-ல் சொல்லாமல் கொள்ளாமல் சுமார் 3,700 அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்த ஆய்வில், ஆசிரியர்களில் நால்வருக்கு ஒருவர் வரவில்லை. ஏறக்குறைய பாதிப் பேர்தான் அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளீதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பாதியில் கூடுதலாக ஒரு அரைநேரப் பணியாளரை அமர்த்தச் செய்து பார்த்தார்கள். பாடத்துக்கான நேரம் இரு மடங்காயிற்று. ஒன்றரை வருஷத்தில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. அங்கன்வாடி ஊழியர் சமையல் மேற்பார்வை, எடை பார்ப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது என்று ஓடிக்கொண்டே இருப்பவர். குழந்தையிடம் உட்கார அவருக்கு நேரம் கொடுத்ததும் பலன் தெரிந்தது. ஆகவே ஊக்கமில்லை என்று ஆசிரியரைத் திட்டுவதற்கு முன், குழந்தையைப் பார்க்க அவருக்கு நேரம் விட்டிருக்கிறோமா என்று நிர்வாகமும் பெற்றோர்களாகிய நாமும் யோசிக்க வேண்டும்.

என் நோட்டுப் புத்தகம்

புத்தகத்தை ஆஜியிடம் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினம் ஒரு குழந்தை, இரண்டு வரி. அவ்வளவுதான். நாலாவது நாள் முறை, கடைசி பெஞ்சில் தூங்கும் பையனுடையது. விசாரித்ததில், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து தாதர் ஸ்டேஷன் பக்கத்துப் பூ மார்க்கெட்டில் தகப்பனாருக்கு உதவி செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்று தெரிந்தது. பின்னக் கணக்கில் பூஜ்யம் வாங்கியவன், கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ செவ்வந்திக்கு விலை கேட்டால் நொடியில் சொன்னான். மறுநாள் போர்டில் பூக்கடை வைத்துப் பாடம் நடத்தினேன். அவன்தான் எனக்கு உதவி. வகுப்பு முழுக்க அன்று விழித்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

வருஷ முடிவில் எல்லோரும் பாஸாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். பதினோரு பேர் அப்போதும் ஃபெயில். ஆனால் அந்தப் பதினோரு பேரும் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள் என்று என்னால் ஒவ்வொருவராகச் சொல்ல முடிந்தது. அடுத்த வருஷம் அங்கிருந்து தொடங்கினேன். 2008-ல் ரிடையர் ஆகும்போது என்னிடம் அப்படி நிறைய நோட்டுகள் சேர்ந்திருந்தன.

சிவப்பு மசியால் அடித்த பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. எங்கே என்று அக்கம் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் தெரிந்திருக்கும். அவள் பெயரை மட்டும் என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிற்பாடு ஒரு முறை, விரார் வரை லோக்கலிலும் அங்கிருந்து ஷட்டிலிலும் கோல்வட் போய் கோஸ்பாட் குன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். சப்போட்டாத் தோப்புகளின் நடுவே சாதாரணமான கட்டிடங்கள். ஒரு அறையில் குழந்தைகள் கிளிஞ்சலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாத்தியார் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பங்கள் நம்முடையவை. இன்று நம் பெண்ணோ பிள்ளையோ டீச்சராகப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் நம் பேரக் குழந்தைக்கு மட்டும் மிகச் சிறந்த டீச்சர் வேண்டும் என்று பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறோம். அந்த டீச்சர் எந்த வீட்டிலிருந்து வருவாள்?

செம்பூர்ப் பெண் ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. இந்தக் கல்வியாண்டு முடியட்டும் என்றிருக்கிறாள். நான் இரு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் டெலிபோன் செய்தாள். சம்பளத்தைப் பற்றியோ வேலையை விடுவது பற்றியோ பேசவில்லை. வகுப்பில் ஒரு பையன் ஒன்பதையும் ஆறையும் மாற்றி மாற்றி எழுதுகிறான், ஏன் என்று தெரியவில்லை, நேரில் வந்து காட்டட்டுமா மாமி என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.